அழகுமுத்துவின் காருக்கு இன்சூரன்ஸ்

1

நூற்று எண்பத்து மூன்று நாட்கள் அழகுமுத்து காரோட்டவில்லை. கோர்ட் விதித்த தடை அது. தடை முடிந்த மறுநாள் காலை, மனைவி பேச்சியம்மாவுடன் தலவாக்கலையில் மீராசாஹிப்பின் கடைக்கு வந்தார். மீராசாஹிப் டயர் விற்பவர், இன்சூரன்ஸ் முகவரும்கூட. படிவம் ஆங்கிலத்தில் இருந்ததால், அதை நிரப்ப என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் பக்கத்துப் பள்ளியில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன்.

இந்தக் கதை அந்தப் படிவத்தின் பதினான்காம் கேள்வியில் பிறந்தது. கற்பனை என்று பெருமைப்பட எனக்கு அதிகம் இல்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மலையைப் பனி மூடியிருந்த ஒரு காலையில், வளைவின் அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று தெரியாமல்—'

இல்லை. விபத்து நடந்த அன்று நல்ல வெயில். பனி இருந்திருந்தால் அவருக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

தெரிந்தது இவ்வளவுதான். பதினான்கு வருடம் தோட்டத்து லொறி ஓட்டியவர், 1961இல் வேலையை விட்டு ஒரு பழைய மொரிஸ் கார் வாங்கி வாடகைக்கு ஓட்டினார். வாங்கிய நாலாம் மாதம், டிக்கோயா போகும் வழியில், ஒரு வளைவில் வலப்பக்கம் ஏறி எதிரே வந்த பஸ்ஸில் மோதினார். ஒரு பயணிக்குக் கை முறிந்தது. கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஏன் வலப்பக்கம் போனார் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

(அவரைக் குடிகாரராக எழுதினால் கதை சுலபமாகும். அவர் குடிப்பதில்லை. அந்தக் கை முறிந்த மனிதரை ஆஸ்பத்திரியில் ஏழு தடவை போய்ப் பார்த்திருக்கிறார். இதை நான் விசாரித்துத்தான் தெரிந்துகொண்டேன், அவர் சொல்லவில்லை.)

3

"பதினாலாவது கேள்வி. விபத்துக்குக் காரணம் என்ன?" என்று வாசித்தேன்.

"எம் பிழைன்னு எழுதுங்க, டீச்சர்."

"அதத்தானே ரெண்டு கம்பெனிக்கு எழுதினோம். ரெண்டும் திருப்பி அனுப்பிட்டானுக," என்றார் மீராசாஹிப். "இது மூணாவது. இன்சூரன்ஸ் இல்லாம காரு ரோட்டுல ஏறாது, அழகு. கோழி அடைக்கத்தான் ஒதவும்."

"ஏற்கனவே அடைஞ்சிருச்சு, நானா," என்று மீராசாஹிப்பிடம் சொன்னாள் பேச்சியம்மா. "பின்சீட்டுல மூணு முட்டை. இவுகளுக்கென்ன, தோட்டத்து லொறி இன்னும் அங்கனதான் நிக்குது. போய்க் கும்புடு போட்டா ஏத்துக்குவாக."

அழகுமுத்துவின் முகம் சுருங்கியது.

"பிரேக் பிடிக்கலன்னு எழுதுவோமா?" மீராசாஹிப் குரலைத் தாழ்த்தினார்.

"பிரேக் நல்லாத்தான் பிடிச்சுச்சு நானா. பாவம், அது மேல பழி போடாதீங்க."

இங்கே இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவர் பிரேக் பொய்க்குச் சம்மதிக்கிறார். மற்றதில் காரை விற்றுவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்புகிறார். இரண்டும் நடக்கக்கூடியவை. இரண்டிலும் அவர் இல்லை.* கம்பெனி கடைசியில் என்ன செய்தது என்பதை நான் எழுதப்போவதில்லை. இந்த மனிதரை நம்பி இன்சூரன்ஸ் கொடுக்கலாமா என்பதை நீங்களே தீர்மானியுங்கள். உங்களுக்கு நான் தரக்கூடிய சாட்சியம், அந்தக் கடையில் அடுத்து நடந்தது மட்டும்.

* எனக்குப் பத்துப் பேர் முன்னால் என் பிழையைச் சொல்ல வராது. அதனால்தான் அவரை இவ்வளவு மதிக்கிறேனோ என்னவோ.

4

"எழுதுங்க, டீச்சர்," என்றார் அழகுமுத்து. கடையில் வேறு ஆட்களும் இருந்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தவில்லை.

"தோட்டத்து ரோட்டுல தொரை காரு எதிர்ல வந்தா, மலைப்பக்கத்த அதுக்கு விட்டுட்டு நாம பள்ளத்துப் பக்கம் போயிரணும். எடமோ வலமோ, கணக்கில்ல. பதினாலு வருசம் அப்பிடித்தான் ஓட்டினேன்."

(தோட்ட நிர்வாகியான துரைக்கு இப்படி வழிவிடச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. தோட்டத்துக்கு வெளியே—)

"அன்னைக்கு மெயின் ரோட்டுல மலை என் பக்கம், எடப்பக்கம் இருந்துச்சு. தொரை காரு வந்துச்சு. என் கை தானாத் திரும்பிருச்சு. அந்தக் காரும் மலைப்பக்கமா ஏறி நிக்காமப் போயிருச்சு. அதுக்குப் பின்னால பஸ்ஸு."

"அட மனுசா, இத கோர்ட்டுல சொல்றதுக்கென்ன?" என்றார் மீராசாஹிப்.

"வேலைய விட்ட அன்னைக்கு, இனிமே எவனுக்கும் ஒதுங்க மாட்டேன்னு தோட்டத்து லயத்து வீடு முழுக்கக் கேக்கச் சொல்லிட்டு வந்தவன் நான், நானா."

பேச்சியம்மா இந்தத் தடவை கிண்டல் செய்யவில்லை. "நீங்க ஒதுங்குனது அந்தத் தொரைக்காவது தெரியுமா?" என்று கேட்டாள்.

"அவரு எங்க இருந்தாரு? டிரைவரு காரக் கழுவக் கொண்டு போனானாம். கடக்கும்போதுதான் பாத்தேன். பின்சீட்டுல யாருமே இல்ல."