சல்லடையில் நின்றது

அரசாங்கச் சோதனைக்கூடத்தில் அவளுக்குச் சமையல்காரி என்று பெயர். பெயர் வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. மரத்தூள், முயல் தீவனம், மாவு, சர்க்கரை, எண்ணெய், கொஞ்சம் பழைய மட்கு உரம் எல்லாவற்றையும் அளந்து பிசைந்து, நறுக்கிய பைத் துண்டுகளை அதற்குள் புதைத்து, டப்பாவில் மூடி, ஐம்பத்தெட்டு டிகிரிச் சூட்டில் பன்னிரண்டு வாரம் வைப்பதுதான் அவள் வேலை. வாரம் ஒருமுறை கிளறி, எடை பார்த்து, வற்றிய தண்ணீரை ஊற்ற வேண்டும். கடைசியில் இரண்டு மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தால், இது பையாக இருந்தது என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் மேலே நிற்கக் கூடாது. நின்றால் அந்தப் பொருளின்மேல் ‘மட்கும்’ என்று போட முடியாது. புதுச் சட்டம் அப்படி. அதற்கு முன்னால் யார் வேண்டுமானாலும் எதன்மேல் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொண்டார்கள். கேட்க நாதியில்லை.

விற்கும்போது ஒட்டப்போகும் ஸ்டிக்கரோடு, ஆனால் செய்தவர் பெயரில்லாமல் வெறும் எண்ணோடுதான் மாதிரிகள் வரும். யார் செய்தது என்று சோதிப்பவருக்குத் தெரியக் கூடாது என்பது விதி. அந்தத் திங்கட்கிழமை வந்த உறையைப் பிரித்து, முதல் பையை மேசையில் விரித்தவள், கத்தரிக்கோலைக் கையில் எடுத்தபடியே நின்றுவிட்டாள். பையின் அடியில் சூடு வைத்து ஒட்டிய கோடு இடது பக்கம் சற்று மேலே ஏறியிருந்தது. இயந்திரத்தின் கைப்பிடியை இடது கையால் இழுத்தால்தான் அப்படி ஏறும். உலகத்தில் இடக்கைக்காரர்களுக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் அந்தக் கோட்டை நேராக்கச் சொல்லி ஐந்து வருஷம் ஒரே கொட்டகையில் நின்று சண்டை போட்டவளுக்கு அது யார் கை என்று தெரியாதா? அது அவளுடைய அக்காவின் கை.

அந்தக் கொட்டகையில் பை செய்யும் பட்டறையை இருவரும் சேர்ந்துதான் தொடங்கினார்கள். அவள் கலவை போடுவாள், அக்கா ஒட்டுவாள். பிறகு அவளுக்கு இந்த வேலை கிடைத்தது. நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு விடுமுறை நாளில் பட்டறைக்குப் போயிருந்தபோது, பை வாங்க வந்திருந்தவர்கள் இது உண்மையிலேயே மட்குமா என்று கேட்டார்கள். மட்கும் என்றாள் அக்கா. இடம் பொருள் ஏவல் தெரியாத நாக்கு தங்கைக்கு. மட்காது, தூளாகும், தூளும் பிளாஸ்டிக்தான் என்று அத்தனை பேருக்கு முன்னால் போட்டு உடைத்தாள். சொன்னதில் பொய்யில்லை. வந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். அக்கா கத்தவில்லை. உனக்கு உன் சோதனை போதும், நான் எதற்கு என்று மட்டும் கேட்டாள். அன்றோடு பேச்சு நின்றது.

வந்திருக்கும் மாதிரி தெரிந்தவருடையது என்றால் உடனே மேலாளரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். டப்பா வேறு கூடத்துக்குப் போய்விடும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். எண்தானே போட்டிருக்கிறது, பெயரா போட்டிருக்கிறது என்று தனக்குத்தானே ஒரு நியாயம் பேசிக்கொண்டாள். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான். ஊர்ப் பைகளையெல்லாம் சட்டம் பேசித் தோற்கடித்தவள், அந்த டப்பாவை மட்டும் யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று பிடித்து வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு திங்கட்கிழமை எப்போது வரும் என்று இருந்தது. மற்ற டப்பாக்களை மளமளவென்று கிளறிவிட்டு, இதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வாள். மூன்றாவது வாரம் பை நிறம் மாறியது. ஐந்தாவது வாரம் விரலுக்குள் நசுங்கியது. எட்டாவது வாரம் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. பழைய கலவை இல்லை இது. அக்கா எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறாள். வாயால் ஒத்துக்கொள்ளாதவள் கையால் ஒத்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். இங்கே இரண்டும் சேர்ந்தே ஆடின. பையைப் பார்க்கப் பார்க்க அக்காவைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. பை கரையக் கரைய, பன்னிரண்டாவது வாரம் வராமலே இருந்தால் தேவலை என்றும் இருந்தது.

வந்தது. சலித்தாள். பை முழுக்கப் போயிருந்தது, பொடி கூட நிற்கவில்லை. ஆனால் சல்லடையின் நடுவே, நகம் அளவுக்கு ஒரு ஸ்டிக்கர் துண்டு பளிச்சென்று கிடந்தது. கழுவிப் பார்த்தாள். ‘மட்கும்’ என்று போட்டிருந்தது. அத்தனையும் மாற்றியவள், சட்டம் காவல் காக்கும் அந்த ஒற்றை வார்த்தையைச் சாதாரணப் பிளாஸ்டிக்கில் அச்சடித்து ஒட்டியிருக்கிறாள். ஒட்டுவதும் பையைச் சேர்ந்ததுதான், அதுவும் மட்க வேண்டும் என்று விதியில் தனியாகவே எழுதியிருக்கிறது.

இடுக்கியால் எடுத்துக் குப்பையில் போட்டால் யாருக்கும் தெரியாது. இடுக்கியைக் கையில் எடுக்கவும் செய்தாள். எடுத்தால் அக்காவுக்குச் சான்றிதழ் கிடைக்கும். எழுதினால் நான்கு வருஷத்துக்கு முந்தைய அந்த நாள் இன்னொரு முறை நடக்கும். அப்புறம் இந்த ஜென்மத்தில் பேச்சு இல்லை. வெகுநேரம் நின்றாள். அப்புறம் அந்தத் துண்டைக் கண்ணாடித் தட்டில் வைத்து, பை தேறியது, லேபிள் தேறவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அன்று மதியம் சாப்பிடவில்லை.

தோற்றவர்கள் நேரில் வந்து மிச்சத்தைப் பார்க்கலாம். அடுத்த வாரம் அக்கா வந்தாள். முன்நெற்றியில் நரை ஏறியிருந்தது. உள்ளே நுழைந்து இவளைப் பார்த்ததும் ஒரு நொடி தயங்கி, யாரோ போல நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். மேலாளர் எண்ணைப் படித்து, தட்டை நகர்த்தினார். அக்கா குனிந்து அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதைச் சோதிச்சது யாருங்க?” என்று மேலாளரிடம் கேட்டாள்.

நான்தாங்க என்று சொல்லியிருந்தால் போதும். நுணலும் தன் வாயால் கெடும்.

“நான்தான்க்கா.”

அங்கே வருகிறவர்கள் யாரையும் அவள் அக்கா என்று கூப்பிட்டதில்லை. மேலாளர் கோப்பிலிருந்து தலையைத் தூக்கி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கூடப்பிறந்தவர்களா என்று கேட்டார். ஆமாம் என்றாள் தங்கை. தெரிந்தேதான் செய்தேன் என்பதையும் தானே சொன்னாள். அவர் திட்டவில்லை. இந்தச் சோதனை செல்லாது, வேறு கூடத்தில் முதலிலிருந்து தொடங்க வேண்டும், விளக்கம் எழுதித் தர வேண்டும் என்று சொல்லிவிட்டு, உத்தரவைத் தட்டச்சு செய்ய வெளியே போனார்.

அக்காவுக்கு மூன்று மாதம் வீண்.

“என் பைன்னு எப்பத் தெரிஞ்சுது?” என்றாள் அக்கா.

“பிரிச்ச அன்னைக்கே.”

“அப்பவே சொல்லியிருந்தா வேற இடத்துக்கு அனுப்பியிருப்பாங்களே. ஏன் சொல்லல?”

“சொன்னா டப்பாவ எடுத்துட்டுப் போயிடுவாங்கக்கா. உன் கை பட்டதுன்னு எங்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான்.”

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கோபம்தான் முதலில் வந்தது, குரல்தான் அதற்கு ஒத்துழைக்கவில்லை.

“வாராவாரம் அந்த மண்ணக் கிளறினதுக்கு, எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதாடி? நீ கூப்பிடுவேன்னுதான் நாலு வருஷமா நம்பரக்கூட மாத்தாம வெச்சிருக்கேன்.”