விளக்குப் போட்ட படம்

சாவகச்சேரியில் அந்த வருடம் அமோகமாக நடந்த தொழில் ஒன்று உண்டென்றால் அது தேவராசாவின் தொழில்தான். சொல்ல வாய் கூசுகிறது, ஆனால் உண்மை அதுதான். எங்கள் பக்கம் பொருட்கள் வர அரசாங்கம் தடை போட்டு மூன்று வருடமாகிவிட்டது. ஸ்ரூடியோக்களில் பிலிமும் இல்லை, படம் கழுவத் தாளும் இல்லை. சாவு மட்டும் தட்டுப்பாடில்லாமல் வந்தது. செத்தவரின் படமொன்று சுவரில் இல்லாமல் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்ய எங்கள் சனத்துக்கு மனம் வருமா? அடையாள அட்டையில் இருக்கிற முத்திரையளவுப் படத்தை எடுத்துக்கொண்டு, "பெருப்பிச்சுக் கீறித் தா, தம்பி" என்று தேவராசாவின் படலை வாசலில் வந்து நிற்பார்கள்.

அவன் சிரட்டைக்கரியால் முகத்தைக் கீறுவான். பிறகு கறுப்பு மையைத் தொட்டு இரண்டு பக்கமும் குத்துவிளக்குப் போடுவான். கீழே இடது பக்கம் ‘தோற்றம்’, வலது பக்கம் ‘மறைவு’ என்று எழுதி, நாட்களைக் கேட்டு நிரப்பிக் கொடுப்பான். தேங்காயோ அரிசியோ முருங்கைக்காயோ வீட்டுக்கு வந்து சேரும்.

தகப்பன் அருளம்பலம் நீதவான் கோட்டிலே கிளாக்கராக இருந்தவர். பெடியன் சின்ன வயதில் படம் கீறினால், "படம் கீறிச் சோறு தின்னலாமோடா?" என்று தூரிகையைப் பிடுங்கி அடுப்புக்குள் போட்ட மனிதர். இப்போது வீட்டுச் சோறே படத்தால்தான் வந்தது. அதனால் கிளாக்கர் ஐயா கட்சி மாறிவிட்டார்.

"உனக்கென்னத்துக்கு மோனை கொழும்பு? தொழில் படலையடிக்கு வருகுதெல்லே" என்பார்.

கொழும்பு என்றது, அங்கே இருக்கிற சித்திரக் கல்லூரியை. நுழைவுத் தேர்வுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஊரை விட்டு வெளியேற இயக்கத்திடம் பாஸும் எடுத்தாயிற்று. திரும்பி வருவான் என்று சித்தப்பா பிணை நின்றார். ஆனால் தேவராசாவுக்குத்தான் முடிவெடுக்க முடியவில்லை. போனால், சந்தையில் பலாப்பழம் விற்கிற மனுசி கொட்டாவி விடுவதைக் கூடப் பார்த்துக் கீறலாம். உயிரோடு இருக்கிற முகம் ஒன்றைக் கீற அவனுக்குக் கை அரித்தது. ஆனால் போவதற்குக் கிளாலியில் கடல்நீரேரியைக் கடக்க வள்ளம் ஏற வேண்டும், நேவி சுடுவான். தப்பிப் போய்ச் சேர்ந்தாலும் இங்கே வீட்டில் உலை ஏறுமா? தகப்பன் போகாதே என்று ஒரு நாளும் சொல்லவில்லை. "உன்ரை விருப்பம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் எழும்பிப் போவார். அந்த மனிதரோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

இப்படி இழுபட்டுக்கொண்டிருந்தபோதுதான் கொடிகாமத்திலிருந்து இரத்தினம்மா வந்தாள். அவளும் ஒரு அடையாள அட்டையை நீட்டினாள்; புதியது எடுத்தபின் வீட்டில் கிடந்த பழைய அட்டை. மகன் செல்வரட்ணம். கொழும்பிலே வேலை தேடப் போகிறேன் என்று கிளாலியில் வள்ளம் ஏறியவன். இரண்டு வருடமாக ஒரு தகவலும் இல்லை.

"செத்த ஆக்களின்ரை படம் மாதிரி இல்லை, தம்பி. என்ரை பிள்ளை இருக்கிறான். நீ கொழும்புக்குப் போகப்போறியெண்டு கேள்விப்பட்டன். பெரிசாக் கீறிக் கையோடை கொண்டு போ. வெள்ளவத்தையிலை எங்கடை சனம் இருக்கிற லொட்ஜுகளிலை காட்டிக் கேள். ஆராவது கண்டிருப்பினம்."

தேவராசாவுக்கு அந்தக் கணமே மனம் துணிந்தது. தான் கீறுகிற படத்துக்கு இப்படியும் ஒரு வேலை உண்டென்று அவன் அதுவரை நினைத்ததேயில்லை. அன்றிரவு தகப்பனிடம், "ஐயா, நான் வாற புதன்கிழமை வள்ளம் ஏறுறன்" என்றான். அருளம்பலம் பாதிச் சோற்றில் எழும்பிப் போனார்.

வெள்ளிக்கிழமை முழுக்க அவன் அந்த முகத்தோடேயே இருந்தான். அட்டையில் விறைத்துக்கொண்டிருந்த பெடியனுக்குக் கண்ணிலே வெளிச்சம் வைத்தான். உதட்டோரத்தில் ஒரு குறும்பு வைத்தான். முடித்துவிட்டுப் பார்க்க, செல்வரட்ணம் இப்போதே வாய் திறந்து தேத்தண்ணி கேட்பான்போல இருந்தது. தேவராசாவுக்குச் சந்தோசம் பிடிபடவில்லை. மனம் வள்ளமேறி அக்கரைக்குப் போய், கொழும்பிலே வீதி வீதியாகத் திரிந்தது. கை தன்பாட்டில் மையைத் தொட்டது.

பின்னேரம் வந்த இரத்தினம்மாதான் முதலில் கண்டாள். படத்துக்கு இரண்டு பக்கமும் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. கீழே தோற்றம், மறைவு; நாள் மட்டும் போடவில்லை.

அவள் கத்தவில்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு ‘மறைவு’ என்ற எழுத்தை விரலால் தொட்டாள்.

"உனக்கு ஆர் தம்பி சொன்னது?"

"ஐயோ அம்மா, ஒருத்தரும் சொல்லேல்லை! கைப் பழக்கத்திலை கீறிப்போட்டன். இப்பவே அழிக்கிறன்." சவரப் பிளேட்டை எடுத்துச் சுரண்டினான். மை போகவில்லை, தாள்தான் கிழியப் பார்த்தது.

"விடு, தம்பி. ஆரும் வந்து சொல்லாமல் நீ விளக்குப் போடமாட்டாய். எல்லாற்றை செய்தியும் உன்ரை படலைக்குத்தானே வருகுது. பாவம், வாயாலை சொல்ல ஏலாமல் கீறிக் காட்டுறாய்."

தேவராசா கோயில் மேல் சத்தியம் பண்ணினான். அருளம்பலமும் ஓடிவந்து, "உவன் விசரன், தங்கச்சி, யோசியாமல் செய்துபோட்டான்" என்றார். அவர்கள் மறுக்க மறுக்க, தன்மேல் இரக்கப்பட்டுத்தான் மறைக்கிறார்கள் என்று அவளுக்கு உறுதியாகிக்கொண்டே போனது. படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். கொழும்புக்கு அதைக் கொண்டுபோகச் சொல்லி அவள் பிறகு கேட்கவில்லை.

புதன்கிழமை விடிய, தேவராசா புதுத் தாளும் கரியும் கட்டிக்கொண்டு சைக்கிளில் கொடிகாமத்துக்குப் போனான். விளக்கில்லாமல் இன்னொன்று கீறிக் கொடுத்து, அந்தப் பாழ்பட்ட படத்தை வாங்கிக் கொளுத்திவிட்டு, பின்னேரம் கிளாலிக்குப் போவதென்பது யோசனை. மனுசி வெள்ளைச் சேலையோடு இருந்தாள். படம் சுவரில் ஏறி, செவ்வரத்தம்பூ மாலை போட்டிருந்தது. மாலைக்குள்ளிருந்து செல்வரட்ணம் குறும்பாகச் சிரித்தான்.

"நல்லகாலம் வந்தாய்" என்று அவள் படத்தைக் கழற்றிக் கொண்டுவந்தாள். "ரெண்டு வருசத்துக்குப் பிறகு இப்பதான் தம்பி நான் கண்ணயர்ந்து படுக்கிறன். ஐயர் திதி கேக்கிறார். மறைவுக்குப் பக்கத்திலை நாளை எழுதி விடு."

"அம்மா, எனக்கு உண்மையாத் தெரியாது."

"சரி, தெரியாது. ஒரு நாளைப் போடு. அவன் வள்ளம் ஏறின நாளைப் போட்டிடாதை. அண்டைக்கு என்ரை பிள்ளை சிரிச்சுக்கொண்டு போனவன். வேறை எந்த நாளெண்டாலும் போடு."

தேவராசா அவளுடைய முகத்தைப் பார்த்தான். முதல்முறை வந்தபோது குழிவிழுந்து கிடந்த கண்கள் இப்போது தெளிந்திருந்தன. இனி, உன் மகன் இருக்கிறான் என்று எந்த வாயால் சொல்வது? இருக்கிறான் என்று அவனுக்குத்தான் என்ன தெரியும்? பேனையை எடுத்தான். ஒருவனைச் சாகடிக்க ஒரு நாளைத் தேடி மனம் நாலு பக்கமும் அலைந்தது. கடைசியில், தன் கை விளக்குக் கீறிய அந்த வெள்ளிக்கிழமையையே எழுதினான். அவனறிய, செல்வரட்ணம் செத்தது அன்றைக்குத்தான்.

வள்ளத்துக்கு இன்னும் நேரமிருந்தது. ஆனால் இந்தக் கையை எடுத்துக்கொண்டு எந்தக் கல்லூரிக்குப் போவது? வீட்டுக்குப் போனாலும் தப்ப முடியுமா? அங்கே யாராவது அடையாள அட்டையோடு காத்துக்கொண்டிருப்பார்கள்.

இரத்தினம்மா மை காயும்வரை வாயால் ஊதினாள்.

"எழுத்தும் வடிவாயிருக்கு" என்றாள். "உனக்கு நல்ல கை, தம்பி. ஆர் என்ன சொன்னாலும் உந்தத் தொழிலை மட்டும் விட்டிடாதை."

அவன் ஓம் என்று தலையாட்டினான்.