மீட்டர் வைக்கிற நாள்

மராத்திக்காரர்கள் ஊரான போபோடியில் எங்கள் வீட்டுக்கு எதிரே மேம்பாலம் கட்ட ஆரம்பித்ததிலிருந்து இந்தத் தெருவே சைகையில்தான் குடித்தனம் நடத்துகிறது. தூண் இறக்கப் பூமியைக் குடைகிற மெஷின் காலையில் உறுமத் தொடங்கினால் அலமாரிக் கண்ணாடி நடுங்கும், டம்ளரில் தண்ணீர் நடுங்கும், என் பல்லும் சேர்ந்து நடுங்கும். ஊருக்குப் பாலம் வேண்டும்தான். அதை என் மண்டைக்குள்ளேதான் கட்ட வேண்டுமா?

எனக்காவது தொண்டை இருக்கிறது, கத்தித் தீர்த்துக்கொள்வேன். என் வீட்டுக்காரருக்குத் தொண்டையில்தான் புற்றுநோய். பக்கத்துக் கட்கியில் இருக்கும் பேக்டரியில் ஒரு ஷிப்டையே அதட்டி வேலை வாங்கிய கோவிந்தராஜனுக்குக் குரலென்று மிஞ்சியது வெறும் காற்று. இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். ஹிஞ்சேவாடியில் இருக்கும் மகள் ஸ்ரீவித்யா தன் வீட்டுக்குக் கூப்பிட்டாள். இந்தக் கட்டிலை விட்டு நகரமாட்டேன் என்று கையை ஆட்டிவிட்டார். பிடிவாதத்துக்கு மட்டும் குரல் தேவைப்படவில்லை.

வந்த நாளிலிருந்து என்னிடம் ஏதோ சொல்லப் பார்த்தார். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உதட்டை அசைப்பார். அவர் வாயருகே காதை வைத்தாலும் மெஷின்தான் கேட்கும். பேனாவைக் கொடுத்தேன், தள்ளிவிட்டார். ராத்திரி மெஷின் ஓய்கிற நேரம் அவர் மாத்திரை மயக்கத்தில் கிடப்பார். சொல்லாமலே போய்விடுவாரோ என்று அவர் உதட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அப்போதுதான் ஜான்சியின் நினைவு வந்தது. பாலம் கட்டுவதால் சுற்றுப்புறத்தில் எவ்வளவு தூசி, எவ்வளவு சத்தம் என்று அளக்கிற லேப்பில் வேலை பார்ப்பவள். கட்கியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். மாதம் ஒரு நாள் வந்து, மெஷினுக்கு நேர் எதிரே இருக்கும் எங்கள் பால்கனியில் முக்காலி ஸ்டாண்டை விரித்து மீட்டரை மாட்டிவிட்டுப் போவாள். சாயங்காலம் வந்து கழற்றிக்கொள்வாள். இவர் ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில்தான் எனக்கு உறைத்தது, மீட்டர் இருக்கிற நாளில் மெஷின் ஓடுவதே இல்லை.

அன்றைக்கே அவளைப் பிடித்துக்கொண்டேன். "இன்னாடி வேலை இது? பொண்ணு பாக்க வர்ற அன்னிக்கு மட்டும் வீட்டப் பெருக்கறவங்க மாதிரி!"

"மீட்டர் வைக்கறத முந்தின நாளே சைட்டுக்குச் சொல்லணும் ஆன்ட்டி. மஷின் ஓடாம பந்த் இருந்துச்சுன்னு நானும் எழுதறேன். மேல இருக்கறவங்க அந்த வரிய கட் பண்ணிடறாங்க. நான் க்யா கரூன், என்ன செய்யட்டும், சொல்லுங்க?" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் அவளுக்கு டீகூடக் கொடுக்கவில்லை.

இப்போது அவளுக்கே போன் செய்து அழுதேன்.

"அடுத்த டேட்டுக்கு இன்னும் நாள் இருக்கு ஆன்ட்டி. மீட்டர வெளிய குடுக்க மாட்டாங்க."

"மீட்டர் யாருக்குடி வேணும்? வெறும் ஸ்டாண்டக் கொண்டாந்து நிறுத்து. அதப் பாத்தாலே கீழ இருக்கறவனுங்க நிறுத்திடுவானுங்க."

"வேலை போயிடும் ஆன்ட்டி," என்றாள். மறுநாள் காலையில் ஸ்டாண்டைத் தோளில் சுமந்துகொண்டு வாசலில் நின்றாள். அதன் தலையில் ஒரு காலிப் பெட்டியை வைத்துக் கட்டிவிட்டு, கட்டிலில் கிடந்தவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

கீழே சூப்பர்வைசர் அண்ணாந்து பார்த்தான். யாருக்கோ போன் போட்டுத் திட்டினான். பிறகு, "பந்த் கரோ!" என்று கத்தினான். மெஷின் நின்றது.

பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டுவது கேட்டது. அவர் மூச்சு கேட்டது. வெயில் கட்டிலுக்கு வந்த நேரத்தில் கண்ணைத் திறந்தார்.

"கோதை," என்றார்.

என் பெயரை அவர் வாயால் கேட்டு எத்தனை காலம்! அழுதுவிட்டேன்.

"இன்னா, சத்தமே காணோம்?"

"நான்தான் நிறுத்தச் சொன்னேன்."

"ஆமா, நீ போட்ட சத்தத்துல அதுவே பயந்திருக்கும்," என்றார். சிரிப்பு இருமலாகி அடங்கியது. "இரு, சொல்றேன். கொஞ்சம் கண்ண மூடிக்கிறேன்."

மூடிய கண் திறக்கவில்லை. தூங்கிவிட்டார். மாத்திரைத் தூக்கமில்லை, நிஜத் தூக்கம். வீட்டுக்கு வந்ததிலிருந்து சுருங்கியே இருந்த நெற்றி பச்சைப் பிள்ளைக்குப் போல விரிந்துவிட்டது. எழுப்பக் கையைக் கொண்டுபோவேன், முகத்தைப் பார்ப்பேன், கையை இழுத்துக்கொள்வேன். தானாக எழுந்திருப்பார் என்று கஞ்சியோடு காத்திருந்தேன். எந்தப் பாவி அந்தத் தூக்கத்தைக் கலைப்பாள்?

சாயங்காலம் ஜான்சி வந்தாள். "பேசினாரா ஆன்ட்டி?"

"தூங்கறாரு. சத்தம் போடாம எடு," என்றேன்.

அவள் மாடிப்படி இறங்குவதற்குள் மெஷின் உறுமியது. விட்ட வேலையைப் பிடிக்க வேண்டுமே அவர்களுக்கு. அவர் திடுக்கிட்டு விழித்தார். என் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு பேச ஆரம்பித்தார். காலையில் கேட்டதுபோல இப்போதும் எனக்கு எல்லாம் கேட்கிறது என்று நினைத்திருப்பார் போல. நிறுத்தி நிதானமாக, நடுவில் ஒரு இடத்தில் கண் கலங்கி, நெடுநேரம் பேசினார். உதடு அசைந்தது. எனக்கு ஒரு எழுத்துகூடக் கேட்கவில்லை. கடைசியில் எதையோ கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

நான் தலையாட்டினேன். "சரிங்க, சரிங்க" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுத் திரும்பிப் படுத்தார். விடிவதற்குள் போய்விட்டார். எதற்குச் சரியென்றேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இந்த மாதம் முறைப்படி ஜான்சி வந்தாள். நிஜ மீட்டரை மாட்டினாள். போன மீட்டர் நாளில் அளந்ததில் எங்கள் வீட்டுச் சத்தம் அனுமதித்த அளவுக்குள்தான் இருந்ததாம். சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் போனதும் மெஷின் நின்றது. பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டியது.

நாற்காலியை இழுத்துப்போட்டு, காலிக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இப்பச் சொல்லுங்க," என்றேன்.