கரைக்கு ஒரு ரீல், வள்ளத்துக்கு ஒரு ரீல்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அரிப்பு என்ற கரையூரில் ஒரு தூண்டில் சாமான் கடையில் இரண்டு பெண்கள் ரீலுக்காக வாக்குவாதப்பட்டதைக் கேட்டேன். வாங்க வந்த சவர்க்காரத்தை மறந்துவிட்டு வீட்டுக்கு ஓடிவந்து எழுதத் தொடங்கினேன். கை இன்னும் பரபரக்கிறது.

முதல் தொடக்கம்: கடல் அன்று அமைதியாக (வேண்டாம். அமைதியான கடலை யார் படிப்பார்கள்?)

இரண்டாவது: போர்க்காலத்தில் விரட்டப்பட்டு, மீள்குடியேற்றத்தில் புத்தளத்திலிருந்து சொந்த ஊரான மறிச்சுக்கட்டிக்குத் திரும்பிய சரீபா, லொறியிலிருந்து முதலில் இறக்கியது ஒரு ரீலை. (ஆ, இதுதான்.)

2

அது உருளை ரீல். தடித்த தங்கூசி, அதாவது நைலோன் தூண்டில் நூல், கொள்ளும். வள்ளத்திலிருந்து நேரே கீழே இறக்கி, அடியில் கிடக்கும் பெரிய மீனை இழுத்தெடுக்கத் தோதானது. ஊரில் விட்டுவந்த வள்ளத்தை நினைத்துச் சரீபாவும் கணவனும் அதைப் புத்தளத்திலேயே வாங்கிவிட்டார்கள். வந்து பார்த்தால் வள்ளம் இல்லை. கரையில் நின்று வீசினாலோ உருளை தறிகெட்டுச் சுற்றி, தங்கூசி தும்புப் பந்தாகிவிடும்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள கடலால ஒரு வழி தெரியாட்டி புத்தளத்துக்கே போவம்" என்று கணவன் சனூன் சொல்லிவிட்டான். பிறந்த கரையை இரண்டாம் முறையும் விட்டுப்போக மனமில்லாமல், சரீபா ரீலை மாற்றிவரலாமென்று அரிப்புக் கடைக்குப் போனாள்.

(சனூனைக் கெட்டவனாக்கிப் பார்த்தேன். பாவம், அவனுக்கும் நித்திரையில்லை. விட்டுவிட்டேன்.)

3

வேறிடத்தில் வாங்கிப் பாவித்த ரீலைக் கடைக்காரன் எடுக்கமாட்டான். ரீலை மாற்றும் அதே நோக்கத்தோடு அங்கே செலீனா என்பவளும் நின்றாள். புருசனோடு வள்ளத்தில் போகிறவள். அவள் கையில் கனடாத் தம்பி அனுப்பிய ஸ்பின்னிங் ரீல். கம்பி வளையத்தைத் திறந்துவிட்டால் மெல்லிய தங்கூசி தடையில்லாமல் உருவிப் பறக்கும். கரையிலிருந்து தூர வீச அருமை, அடியில் கலவாய் போன்ற பெரிய மீன் கொழுவினால் திணறிப்போகும்.

"நல்ல ரீல்தான். எங்கட வள்ளத்துக்குச் சரிவராது" என்றாள் செலீனா.

"என்டதும் நல்லதுதான். எனக்கு வள்ளந்தான் இல்ல."

"அப்ப என்னத்துக்கு யோசிக்கிறீங்கள்? இஞ்ச தாங்கோ, மாத்துவம்."

"வேணாம், உங்களுக்குத்தான் நட்டம்."

"இல்ல, உங்களுக்குத்தான்."

இதுதான் அந்த வாக்குவாதம். மற்றவளுக்கு நட்டம் வரக்கூடாதென்று இப்படியும் சண்டை பிடிப்பார்களா? பிடித்தார்கள். பிறகு மாற்றிக்கொண்டார்கள்.

4

வியாழன் பின்னேரம். வாடைக்காற்று முதுகில். சரீபா வீசினாள். தங்கூசி பறந்தது, பறந்தது, அலை உடையும் இடத்துக்கும் அப்பால் ஈயம் விழுந்தது. சற்றுநேரத்தில் தடி வளைந்தது. பாரை. ரீல் கிரீச்சிட, தங்கூசி ஓடியது.

முடிவு அ: பாரை கரையேற, சனூன்

முடிவு ஆ: தங்கூசி அறுந்து, லொறி

இரண்டையும் பாதியில் விட்டேன். சரீபா பதறி, தங்கூசியின் ஓட்டத்தை நிறுத்த ரீலின் திருகை இறுக்கப் போனபோது, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் ஓடிவந்த சனூன் கத்தினான்:

"இறுக்காத, சரீபா. போனாப் போகட்டும். நாளைக்கும் வருவம்."

நாளை வெள்ளி. இந்தப் பேச்சை நான் அவனுக்கு எழுதிக்கொடுக்கவில்லை. சரீபா சிரித்தாள், அழுதாள், திருகிலிருந்து கையை எடுத்தாள்.

மீன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. என் வேலை முடிந்தது. இந்தாருங்கள் ரீல், இனி நீங்கள் சுற்றுங்கள்.