முக்கால் கிலோ வாள்

"அப்ப கோடாலியே வேண்டாமெண்டுறியளோ?" என்று பாலேஸ்வரி கேட்டாள். அவளுடைய வலது மணிக்கட்டில் எண்ணெய்த் துணி சுற்றியிருந்தது. இறப்பர்க் கட்டைக்குள் இறுகிப்போன பெரிய கோடாலியை இடது கையால் ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. அப்படியே விட்டுவிட்டாள்.

"பெரிசு வேண்டாம். அதுதான் உம்மடை கையைக் கெடுத்தது," என்றான் வரதராசா. "முதல் மரமரியிற வாளாலை ஒரு சாண் துண்டா அரியிறது. பிறகு சின்னக் கைக்கோடாலியாலை ஒரு தட்டு. பாரத்திலை ஒண்டுமில்லையப்பா, எல்லாம் துண்டின்ரை நீளத்திலை கிடக்கு."

அவளுடைய புருசன், யாழ்ப்பாணத்தில் சைக்கிள் கடையில் வேலைக்கு நின்றவன். கொழும்புக்கு வந்த இரண்டு வருடத்தில் நிலையான வேலை ஒன்றும் அகப்படவில்லை. வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் பின்பக்கச் சாய்ப்பில் இருந்துகொண்டு, விசாவுக்குக் காத்திருப்பவர்கள் தங்கும் லொட்ஜுக்குப் பாலேஸ்வரி தினமும் இருநூற்றைம்பது இடியப்பம் அவித்துக் கொடுத்தாள். சாப்பாடும் வாடகையும் அதில்தான். வீட்டுக்காரி காஸ் சிலிண்டரை உள்ளே எடுக்க விடவில்லை. விறகுதான்.

கொட்டாஞ்சேனையிலிருந்து இராமர் கிழமைக்கு ஒருதரம் வந்து கொத்திக் கொடுத்துவிட்டுப் போவான். போன மாதம் ஆமிக்காரர் சோதனையில் கோடாலியோடு அவனைப் பஸ்ஸால் இறக்கி மூன்று நாள் வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு அவன் இந்தப் பக்கம் வரவில்லை. பாலேஸ்வரியே கொத்தத் தொடங்கினாள், கை பிசகியது. இரண்டு காலை இடியப்பம் பிந்திப் போனது. திங்கட்கிழமையும் பிந்தினால் வேறு ஆளைப் பார்ப்பதாக லொட்ஜ் மனேஜர் ஒஸ்வால்ட் சொல்லிவிட்டான்.

"கோடாலியைக் கண்டால்தான் ஆமிக்காரன் பயப்பிடுறான்," என்றான் வரதராசா. "வாளுக்கு ஆர் பயப்பிடுறது?"

சனிக்கிழமை மருதானைக்குப் போனான். கடையில் இருந்த வாள்களைத் தூக்கித் தூக்கி வைத்தான். எல்லாம் கனம். கடைசியில் கொன்ஸ்ரன்ரைனின் வெல்டிங் பட்டறையில் உடைந்த சைக்கிள் ஒன்றின் குழாயைக் கண்டான். அதை வில்லுப்போல வளைத்து, இரண்டு நுனிக்கும் நடுவில் அலகை இழுத்துப் பூட்டினால் வாள். மழைத்தண்ணீர் உள்ளே போய்த் துருப்பிடிக்காமல் இரண்டு வாயையும் அடைத்து ஒட்டச் சொன்னதும் வரதராசாதான். பழைய இரும்பு நிறுக்கும் தராசில் போட்டார்கள். முக்கால் கிலோ. வரதராசா இன்னொருதரம் போட்டுப் பார்த்தான்.

அலகுக்குப் பல் வைக்க வேண்டும், நாளைக்கு இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகலாம் என்று கொன்ஸ்ரன்ரைன் சொன்னான். வரதராசாவுக்குப் பொறுக்கவில்லை. பாலேஸ்வரி அதைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். அலகை விட்டுவிட்டு, வளைந்த குழாயை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினான்.

காலி வீதிச் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவையும் அவன் முன்கூட்டியே கையில் எடுத்து வைத்திருந்தான். இளம் ஆமிக்காரன் ஒருவன் குழாயைக் காட்டி, "மேக்க மொக்கத?" என்றான், இது என்ன என்று.

"தர கப்பன கியத்தக், மஹத்தயா," என்றான் வரதராசா. விறகு அரியும் வாள், ஐயா.

அலகு எங்கே என்று ஆமிக்காரன் கேட்டான். மருதானையில் என்றான். ஆமிக்காரன் வரதராசாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். வரதராசா குழாயைத் தோளிலிருந்து கழற்றி அவனிடமே நீட்டினான். தூக்கிப் பார்க்கச் சொன்னான். ஒரு விரலில் தூக்கலாம் என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னான்.

ஆமிக்காரன் தூக்கினான். அடைத்திருந்த நுனிகளைப் பார்த்தான். காதோடு வைத்து மெல்ல ஆட்டினான். உள்ளே ஏதோ உருண்டது.

அவன் குழாயைக் குழந்தையைக் கிடத்துவதுபோலத் தெருவில் வைத்தான். முகத்தைத் திருப்பாமல் பின்பக்கமாக நடந்தான். பிறகு குண்டு என்று கத்தினான். வரிசையில் நின்றவர்கள் சிதறி ஓடினார்கள். ஒரு பெண்ணின் செருப்பு தெருவிலேயே கிடந்தது. நடுவில் வரதராசா மட்டும் நின்றான். தூக்கிப் பார் என்று சொன்னபோது வந்த சிரிப்பு இன்னும் அவன் முகத்தில் இருந்தது. அப்படியே குப்புற விழுத்தினார்கள்.

மூன்று நாள் பாலேஸ்வரி பொலிஸ் நிலைய மர வாங்கில் குந்தியிருந்தாள். திங்கட்கிழமை போய்விட்டது. மூன்றாம் நாள் சார்ஜன்ட் உள்ளே கூப்பிட்டான். மேசையில் இரண்டாக அறுத்த குழாய் கிடந்தது. பக்கத்தில் ஒரு கடதாசித் துண்டு. அதன் மேல், வெல்டிங்கில் தெறித்த இரும்புத்துளி, மிளகளவு.

உள்ளே ஒன்றும் இல்லை, எடுத்துக்கொண்டு போகலாம் என்றான் சார்ஜன்ட். கொஞ்சம் தமிழ் தெரிந்தவன். அவள் குழாயைத் தொடவில்லை.

"அப்ப அவர்?"

குழாயை அறுத்தது இன்று காலை. ஆளைத் தடுத்து வைக்கும் கடிதம் நேற்றே மேலே போய்விட்டது. கையெழுத்தாகிவிட்டது. அது வேறு விஷயம் என்றான். சாமான் பெற்றுக்கொண்டதற்குச் சிங்களக் கடதாசி ஒன்றை நீட்டினான். பாலேஸ்வரி இடது கையால் கையெழுத்து வைத்தாள்.

வெளியே ஜீப் நின்றது. வரதராசாவைக் கொண்டு வந்தார்கள். அவனுடைய சேட்டாலேயே கைகளைப் பின்னால் கட்டியிருந்தார்கள். ஒரு கண் மூடி வீங்கியிருந்தது. மற்றக் கண்ணால் அவளைக் கண்டான். அவளுடைய பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த குழாய் நுனியைக் கண்டான். அறுபட்ட பக்கம் பைக்குள் இருந்தது.

"தந்திட்டாங்களே?" ஜீப்பில் ஏற்றும்போதே திரும்பினான். "இஞ்சேரும், தூக்கிப் பாத்தீரோ? லேசு, என்ன? உம்மடை கைக்குச் சரிவருமெண்டு நினைக்கிறீரோ?"