முன்னால் நிற்பவன் மேல் அம்பு படுமா?

1.

ஒரு விதிப் புத்தகம் சொல்லாமல் விட்ட வரியிலிருந்து இந்தக் கதை கிடைத்தது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வீரனாகி, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் விளையாட்டு அது. சண்டையில் சுவருக்குப் பின்னால் ஒளிந்தால் அம்பு படுவது கடினம். அதற்கு மறைவு என்று பெயர். முன்னால் ஒரு ஆள் நின்றாலும் பாதி மறைவு உண்டு. சரி, தப்பிய அம்பு அந்த ஆள் மேல் படுமா? ‘நடத்துபவர் தீர்மானிக்கலாம்’ என்று நழுவிவிடுகிறது புத்தகம்.

2.

ஆரணியில், தறிச் சத்தம் ஓய்ந்த ஒரு ஞாயிறு

(வேண்டாம். ஆரணி என்றாலே தறியில்தான் தொடங்க வேண்டுமா?)

சசிகலாவுக்குக் கண்ணமங்கலத்து மருந்துக்கடை ஒன்றில் வேலை. ஞாயிறு மதியம் வீட்டு மாடியில் விளையாட்டை நடத்துவது அவள்தான். ஆடுபவர்கள் தம்பி ஜெயவேலும் அவன் சிநேகிதன், களம்பூர்ப் பக்கத்துச் சுதாகரும். இருவரும் செய்யாரில் ஒரே கம்பெனி, ஒரே ஷிப்ட். போன மாதம் சுதாகரை நிறுத்திவிட்டார்கள். இயந்திரத்தின் பாதுகாப்புக் கதவு திறந்து கிடந்ததில் ஒரு பெண்ணின் விரல் போயிற்று.*

* அவள் பெயர் கலையரசி. அவளை அடிக்குறிப்பில் தள்ளியது எனக்கே சரியாகப் படவில்லை.

3.

முதல் வரைவில் சுதாகர் தானே முன்வந்து பழியை ஏற்றான். படித்துப் பார்த்தேன், கூச்சமாக இருந்தது. அப்படி யாரும் ஏற்கவில்லை. மேலாளர் சுதாகரின் ஊரைக் கேட்டார், தெருவைக் கேட்டார், அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை. கதவைத் திறந்து வைத்த ஜெயவேல் பக்கத்திலேயே நின்றான், வாயைத் திறக்கவில்லை. சுதாகரைத் தியாகியாக்கினால் ஜெயவேலுக்கு நானே மறைவு கொடுத்ததாகிவிடும்.

கதவு விஷயத்தில் சுதாகருக்கு வேலை போனது வரைதான் சசிகலாவுக்குத் தெரியும், மற்றது எதுவும் தெரியாது.

4.

அன்று ஜெயவேல் தன் வீரனைச் சுதாகரின் வீரனுக்குப் பின்னால் நகர்த்தினான். எதிரி வில்லாளிக்காகச் சசிகலா பகடை உருட்டினாள். மொத்தம் பதினான்கு. எதிராளியின் காப்பு எண்ணை எட்டினால் அம்பு படும். ஜெயவேலின் காப்பு பதிமூன்று. மறைவுக்கு இரண்டு சேர்த்தால் பதினைந்து. தப்பினான்.

“இவன் நடுவுல இல்லன்னா உன்மேல பட்டிருக்கும்,” என்றாள். “அப்போ அம்பு எங்க போச்சு?”

“எங்கியோ போச்சு. ஜல்தி ஆடுக்கா.”

“சுதாகர் காப்பு பன்னெண்டுதான். பட்டா செத்துடுவான்.”

“ரூல்ல அது இல்லக்கா.”

“அதான் யோசிச்சிகினு இருக்கேன். நீ இன்னாப்பா சொல்ற, சுதாகர்?”

சுதாகர் ஆட்ட வரைபடத்தில் தன் வீரனை விரலால் தொட்டான்.

“படும்க்கா. பின்னால நிக்கிறவன் பேசலைன்னா முன்னால நிக்கிறவன்மேலதான் படும்.”

பேசுவதற்கு அந்த விளையாட்டில் விதி ஏது? சசிகலா தம்பியைப் பார்த்தாள். அவன் முகம் வெளுத்திருந்தது. சின்ன வயதிலிருந்து அவளுக்குத் தெரிந்த முகம்.

“கம்பெனி கதவா?” என்றாள்.

“நான்தாங்க்கா தொறந்து வெச்சேன்,” என்றான் ஜெயவேல்.

சுதாகர் எழுந்து செருப்பை மாட்டினான். “இத இங்க சொல்லி இன்னாடா பிரயோஜனம்?” என்று கேட்டான். குரல் உயரவில்லை. படியிறங்கிப் போய்விட்டான்.

5.

ஒரு முடிவில், ஜெயவேல் உண்மையை எழுதிக் கொடுக்கிறான், சுதாகருக்கு வேலை திரும்புகிறது. எழுத ஆசைதான், நம்ப முடியவில்லை. இன்னொன்றில், ஜெயவேல் எப்போதும்போல் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிவிடுகிறான். அதை எளிதாக நம்ப முடிகிறது. அதனாலேயே எழுத மாட்டேன்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். திங்கட்கிழமை சசிகலா லீவு போட்டாள். தம்பியோடு கம்பெனி பஸ் நிற்கும் இடம் வரை நடந்தாள். பஸ் வந்தது.

“நான் கவர்மெண்ட் பஸ்ல வரேன், கம்பெனி கேட்டாண்ட நிக்கிறேன்,” என்றாள். “பேசறது நீதான்.”

ஜெயவேல் தலையாட்டினானா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு காலைப் படியில் வைத்திருக்கிறான். உள்ளே, சுதாகர் உட்காரும் இருக்கை இன்னும் காலியாக இருக்கிறது. ஜெயவேலை எங்கே உட்கார வைப்பது, செய்யார் வந்ததும் என்ன பேச வைப்பது என்று—