டயப்பரில் பாகு வாசனை

குழந்தையின் டயப்பரை அவிழ்த்ததும் நொயெமிக்குச் சுருக்கென்றது. மூத்திர நாற்றம் இல்லை. மேப்பிள் பாகு மணத்தது!

கனடாவின் கியூபெக்கில் மார்ச் மாதம் என்றால் மேப்பிள் மரச்சாற்றைப் பாகாகக் காய்ச்சும் காலம்; சட்டை, தலைமுடி எல்லாம் பாகுதான் மணக்கும். முற்றத்துக்கு அந்தப் பக்கம் மாமியார் லிஸெத் கொட்டகையில் பாகு காய்ச்சிக்கொண்டே இருந்தாள். ஆனால் டயப்பருக்குள் அது எப்படிப் போகும்? பச்சைக் குழந்தை ஐயா, தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் வாயில் படக்கூடாது!

நொயெமி தூங்கும்போது குழந்தை ரொஸாலி யாரிடம் இருக்கிறாள்? லிஸெத்திடம். 'பால் குடுக்கிறவ பூண்டு தின்னா பால் நாறும்' என்று மருமகள் தட்டிலிருந்து பூண்டைப் பொறுக்கி எறிந்த மகராசி. மருமகளுக்குப் பத்தியம், பேத்திக்குத் திருட்டுப் பாகா?

கதவிடுக்கில் நின்று வேவு பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. பலே கைகாரி என்று இன்னும் எரிந்தது. கடைசியில் கேட்டேவிட்டாள்.

"அத்தை, பாப்பாவுக்கு என்ன குடுக்குறீங்க?"

"என்ன குடுப்பேன்? முத்தம்தான்."

"பாகு வாசனை வருது. என் மூக்கு என்ன செத்தா போச்சு?"

லிஸெத் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, அப்படியே விழுங்கிக்கொண்டாள். திருடி என்பதற்கு அந்த முழியே போதாதா?

"இனிமே என் பொண்ணைத் தொடாதீங்க!"

லிஸெத் போய்விட்டாள். வாசனை போகவில்லை. நொயெமி குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள். இப்படி மணக்கிற வியாதி ஒன்று உண்டு என்று அவர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். குறை ஒன்றுமில்லை.

"நீங்க ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"பால் ஊற வெந்தய மாத்திரை. வீட்டுல யாருக்கும் தெரியாது."

"அதான் விஷயம். அது உங்க வேர்வை, பால் வழியா பாப்பா மூத்திரம் எல்லாத்துலயும் இப்படித்தான் மணக்கும்."

நொயெமி தன் சட்டைக் கழுத்தை முகர்ந்தாள். பாகு! பாகு காய்ச்சுகிற ஊரில் யார் தன் வேர்வையைச் சந்தேகப்படுவார்கள்? வெட்கத்தில் கூனிப்போனாள். நேரே கொட்டகைக்குப் போய், மாத்திரை விஷயத்தைக் கொட்டித் தீர்த்தாள்.

"தப்பு என்மேலதான் அத்தை."

லிஸெத் அடுப்பைவிட்டுத் திரும்பவில்லை. "உன்மேல வாசனை அடிச்சது எனக்கு முன்னமே தெரியும். பால் பத்தாம நீதான் மார்ல பாகைத் தடவிப் பிள்ளையை ஏமாத்துறேன்னு நெனச்சேன். வெளிய சொன்னா என் மவன் உன்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவான். பழி என்மேலயே இருக்கட்டும்னு விட்டேன்."

நொயெமி குழந்தையை நீட்டினாள். "தூக்குங்க அத்தை."

லிஸெத் கை நீட்டவில்லை.

"கையெல்லாம் பாகு. இரு, கழுவிட்டு வரேன். இல்லேன்னா இதுக்கும் ஒண்ணு சொல்லுவ."